பாதிக் குப்பி

பெட்டிக்குள் உயிர் எதுவும் இல்லை. அதுதான் அதன் சிறப்பு என்று திறப்பு விழாவில் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். உயிர் இருந்தால் தீனி போட வேண்டும், சூடு பார்க்க வேண்டும், வேறு கிருமி கலக்காமல் காவல் இருக்க வேண்டும். இதற்கு ஒரு குப்பிப் பொடி, கொஞ்சம் தண்ணீர், மின்சாரம் போதும். காலையில் பொத்தானை அழுத்தினால் மத்தியானத்துக்குள் மருந்து.

விருதுநகர்ப் பக்கம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில், பழைய எக்ஸ்ரே அறையில் அது இருந்தது. சின்ன ஃப்ரிட்ஜ் அளவு. அதைப் பார்த்துக்கொள்வது தவசியின் வேலை. பி.பார்ம் மூன்றாம் வருடத்தோடு நின்றுவிட்டவன். குப்பி மாற்றவும் வடிகட்டி கழுவவும் அந்தப் படிப்பே அதிகம்.

மருந்து இரண்டு பிள்ளைகளுக்கு. பாண்டீஸ்வரியின் மகள் ரித்திகாவுக்கு ஏழு வயது, ரேணுகாவின் மகன் சர்வேஷுக்கு ஐந்து. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு அது. பாண்டீஸ்வரி ரேணுகாவின் அண்ணனைக் கட்டியிருந்தாள், ரேணுகா பாண்டீஸ்வரியின் அண்ணனை. ஒருத்திக்கொருத்தி மதினி. அவர்கள் அப்பா அம்மாவும் அப்படி முறையில் கட்டியவர்கள்தான். எங்கோ இருந்த ஒரு குறை இரண்டு பக்கமும் சுற்றி வந்து இரண்டு பிள்ளைகளிடமும் சேர்ந்துவிட்டது. உடம்பில் ஒரு நொதி சுரக்காது. அது இல்லாமல் சர்க்கரை கரையாமல் தசையில் தங்கும். முதலில் கால் போகும், பிறகு கை, கடைசியில் மூச்சு.

அந்த நொதியைப் பெட்டி செய்தது. செய்ததை எடுத்து வைக்க முடியாது, கெட்டுவிடும். சொட்டச் சொட்ட ஏற்ற வேண்டும். அதனால் பெட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். இடது குழாய் ரித்திகாவுக்கு, வலது குழாய் சர்வேஷுக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டும் வந்து படுக்கும். ஓட்டுவதற்கு முன் கூட்டி வந்தவர் பெட்டித் திரைக்கு முகம் காட்ட வேண்டும், தவசி பிள்ளையின் எடையைப் பதிய வேண்டும்.

"அந்தப் பொடி என்னதுதான் தம்பி?" என்று பாண்டீஸ்வரி ஒருமுறை கேட்டாள். அவள் நைட்டி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். எதையும் பிரித்துப் பார்க்கும் புத்தி.

"ஒரு பிராணியோட செல்லை நெறைய வளப்பாங்கக்கா. வளத்து மொத்தமா ஒடச்சிருவாங்க. மருந்து செய்யிற சாமான் உள்ள இருக்கும்ல, அதை மட்டும் எடுத்து உலத்தினா இந்தப் பொடி. தண்ணி பட்டா முழிச்சுக்கும். எதைச் செய்யணும்னு ஒரு குறிப்பு உள்ள போடுவோம். அதைப் பாத்துச் செய்யும். கொஞ்ச நேரத்துல ஓஞ்சிரும்."

"உயிரு?"

"ஒடச்சப்பவே போயிருச்சு. வேலை மட்டும் மிச்சம் இருக்கு."

"எங்க வீட்ல நேர்மாறு. அவருக்கு உயிரு மட்டும்தான் இருக்கு. வேலை இல்ல."

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ரேணுகா நிமிர்ந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாள். பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிய வேலை.

"எங்கண்ணன ஒரு தடவ சொல்லலேன்னா ஒனக்குச் சோறு எறங்காதே மதினி."

"ஒங்கண்ணன்தான? நீயே கூட்டிட்டுப் போய் வச்சுக்கயேன்."

"எனக்கு வாச்சதே ஒங்கண்ணன். அந்தப் பாரமே போதும்."

கட்டிலில் கிடந்த ரித்திகா சிரித்தாள். சர்வேஷும் சிரித்தான். அவனுக்குச் சிரித்தால் மூச்சு வாங்கும். அதனால் அளவாகச் சிரிப்பான்.

ஆயுத பூசைக்கு ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். ஆம்புலன்ஸ், எடை மிஷின், ஊசி அவிக்கும் பாத்திரம், ரத்த அழுத்தக் கருவி. ரேணுகா பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சந்தனம் குழைத்தாள். தவசி பொரிகடலை மென்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டியின் முகப்பில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. மருந்து உருவாகும்போது அதனுடன் ஒட்டிக்கொண்டு ஒரு பச்சை ஒளி ஏறும். எவ்வளவு பச்சையோ அவ்வளவு மருந்து. அதைப் பார்க்கிற கண் முன்பு உள்ளேதான் இருந்தது. வெயில் காலத்துச் சூட்டில் அது கெட்டுப்போனதும் சர்வீஸ் ஆள் வந்து, வெளியே ஒரு கேமராவைக் கம்பியில் கட்டி, கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தான். பாதி மருந்து ஆனதும் கேமரா சொல்லும். பெட்டி இடது குழாயை மூடி வலது குழாயைத் திறக்கும்.

"நெத்தி வெறிச்சுன்னு இருக்கு" என்று சொல்லி ரேணுகா அந்தக் கண்ணாடியில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். "இப்பத்தான் மூஞ்சி வந்திருக்கு."

தவசிக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் பிள்ளைகளின் முறை. பொட்டு காய்ந்து கெட்டியாக இருந்தது. பூசைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். தானாக உதிர வேண்டும். தவசி வீட்டிலும் அப்படித்தான். அவன் குப்பியைச் செருகிப் பொத்தானை அழுத்தினான். திரையில் பச்சை பூஜ்யம் என்றே நெடுநேரம் காட்டியது. பொடி வழியில் சூடு பட்டிருக்கும், மெதுவாக ஏறும் என்று நினைத்தான். இடது குழாயில் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

சர்வேஷ் கையில் ஊசியோடு காத்துக் கிடந்தான்.

"அண்ணே, எனக்கு எப்ப வரும்?"

"வரும்டா."

மத்தியானம் பெட்டி ஓய்ந்தது. வலது குழாய் கடைசிவரை திறக்கவில்லை. குப்பி முழுவதும் ரித்திகாவுக்குள் போயிருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டதற்கு, அடுத்த குப்பி அடுத்த முறைதான் வரும், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். புஷ்பம் சிஸ்டர் சர்வேஷின் கையிலிருந்து ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து அமுக்கினார். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

ஒரு வாரத்தில் ரித்திகா கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றவள் இரண்டு எட்டு வைத்தாள். பாண்டீஸ்வரி யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் ஒரே தெரு.

"மதினி, பாப்பா நடக்கிறாளாமே" என்றாள் ரேணுகா.

"நிக்கிறா. அவ்வளவுதான்."

"நல்லது மதினி."

சர்வேஷுக்குச் சளி கட்டியிருந்தது.

சர்வீஸ் ஆள் ஜோயல் மதுரையிலிருந்து வந்தான். பொட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"யாரு வச்சது?"

"நான்தான் சார்" என்றான் தவசி.

"கற்பூரத்தை ஏத்தி உள்ள வைக்கல, அந்த மட்டுக்கும் சந்தோஷம்." நகத்தால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான்.

"கேமராவ வெளிய மாட்டினது நீங்கதான சார்."

"ஆமா. அதை யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத."

துடைத்து முடிக்கிறவரை தவசி பொறுத்திருந்தான்.

"சார், அந்தப் பொண்ணு எந்திரிச்சு நடக்குது."

"நடக்கும். முழு டோஸ் போயிருக்குல்ல."

"அப்ப இவ்வளவு நாள் நாம குடுத்தது?"

"பாதி. உனக்குத் தெரியாதா?" ஜோயல் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "ஒரு குப்பி ஒரு ஆளுக்குன்னு செஞ்சது. சோதனை பண்ணிப் பாத்தப்ப பாதி குடுத்தாலும் சாகலன்னு தெரிஞ்சுது. நோயாளி உயிரோட இருக்கணும்னுதான் கவர்மெண்ட்டோட போட்ட ஒப்பந்தத்துல இருக்கு. நடக்கணும்னு இல்ல."

"அதையும் போடச் சொல்லலாமே."

"பொடி இவ்வளவுதான் வருது. முழுசாக் குடுக்கணும்னா பாதிப் பிள்ளைங்களுக்கு நிறுத்தணும். எந்தப் பிள்ளைக்கு நிறுத்தலாம்? நீ சொல்லு, நான் மேல சொல்றேன்."

தவசி வடிகட்டியைப் பார்த்தான்.

"சொல்ல மாட்டேல்ல? மேல இருக்கவங்களும் சொல்லல. அதான் பாதி."

ஜோயல் போகும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான். இதன் மேல் எதுவும் பூசக் கூடாது, மருந்து தடைபடும் என்று தமிழில் அச்சடித்தது. கையோடு கொண்டு வந்திருந்தான். இது நடந்த முதல் ஊர் இது இல்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை தரை துடைக்க வந்த ரேணுகா அதைப் படித்தாள். மெதுவாகத்தான் படிப்பாள். உதடு அசைந்தது.

"இதுனாலயா தம்பி?"

"இல்லக்கா. மிஷின் கோளாறு."

"நான்தான வச்சேன்."

"கோளாறுக்கா. சர்வீஸ் சாரே சொல்லிட்டாரு."

அவள் மாப்பை வாளியில் முக்கிப் பிழிந்தாள். அறை முழுவதும் துடைத்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைத்தாள். பெட்டியை மட்டும் அன்று தொடவில்லை. அதற்குப் பிறகும் தொடவில்லை. தவசிதான் துடைத்துக்கொண்டான்.

அடுத்த முறை வெள்ளிக்கிழமை வந்தது. பாண்டீஸ்வரி பிள்ளையை வெளியே தாழ்வாரத்தில் உட்கார வைத்துவிட்டுச் சீக்கிரமே உள்ளே வந்தாள். கையில் வாழையிலைத் துண்டு. அதில் சந்தனம்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பெட்டிக்கு ஒரு பொட்டு வச்சுக்கிறேன் தம்பி."

"வைக்கக் கூடாதுக்கா. ஒட்டியிருக்காங்க பாருங்க."

"பாத்தேன். இந்த ஒரு தடவ."

"சர்வேஷுக்கு?"

"போன தடவ அவனுக்கு இல்லாமத்தான போச்சு. இருக்கான்ல?"

சொல்லிவிட்டு அவளே கையிலிருந்த இலையைப் பார்த்தாள். தவசி அவளைப் பார்த்தான்.

"என்னய அப்படிப் பாக்காத. நேத்து அவளே எந்திரிச்சுப் போய்த் தண்ணி மோந்து குடிச்சா. பொறந்ததுல இருந்து பாத்ததில்ல. பெறகு எனக்கு வேற என்ன கேக்கத் தோணும்?"

"முடியாதுக்கா."

அவள் சந்தனத்தைக் கீழே போடவில்லை. தன் கழுத்தில் தடவிக்கொண்டாள். இலையை மடித்து இடுப்பில் செருகினாள். திரும்பியபோது வாசலில் ரேணுகா சர்வேஷைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"தள்ளு மதினி. பிள்ளையப் படுக்க வைக்கணும்."

பாண்டீஸ்வரி தள்ளி நின்றாள்.

அன்று பெட்டி சரியாக வேலை செய்தது. பச்சை ஏறியது. பாதியில் இடது குழாய் மூடி வலது குழாய் திறந்தது. பாதி இங்கே, பாதி அங்கே.

சர்வேஷுக்கு அது போதவில்லை. விட்டுப்போன ஒரு முறையில் நெஞ்சுத் தசை தளர்ந்திருந்தது. சளியை இருமித் தள்ள வலு இல்லை. அடுத்த வாரம், வீட்டில், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது, மத்தியானச் சோற்றுக்கு முன்னால் செத்துப்போனான். சின்னப் பிள்ளை என்பதால் பெரிய சடங்கு ஒன்றும் இல்லை. தாய்மாமன் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். தாய்மாமன் என்றால் பாண்டீஸ்வரியின் புருஷன்தான்.

தவசி போயிருந்தான். நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தான். அழுகை வருமா என்று பார்த்தான். வரவில்லை. யாரோ டீ கொடுத்தார்கள், குடித்தான்.

ரேணுகா சில நாளில் வேலைக்கு வந்துவிட்டாள். வந்தவள் வாளியை எடுத்தாள்.

தவசி ஜோயலுக்குப் போன் போட்டான்.

"ஒரு பிள்ளை இறந்துபோச்சு சார்."

"எது? பொண்ணா?"

"பையன்."

"ச்சே." பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. ரோட்டில் இருந்தான். "நீ சிஸ்டத்துல எதுவும் போட வேண்டாம். அதுவே எடுத்துக்கும்."

"எப்படி?"

"ஓட்டுறதுக்கு முன்னாடி பிள்ளையக் கூட்டிட்டு வந்தவங்க மூஞ்சியக் காட்டுறாங்கல்ல. அந்தப் பையனுக்கு யாரும் காட்டலேன்னா ஆள் இல்லன்னு எடுத்துக்கும். அதுக்கப்புறம் பாதிக் குப்பி அனுப்புவாங்க."

"பாதியா? ஒரு பிள்ளைக்கு ஒரு குப்பின்னுதான சார் சொன்னீங்க. இப்ப ஒரு பிள்ளைதான இருக்கு."

"ரெண்டு பிள்ளைக்கு ஒண்ணு. ஒரு பிள்ளைக்கு அரை. கணக்கு அப்படித்தான்."

"அந்தப் பொண்ணு நடந்துக்கிட்டு இருக்கு சார்."

"தெரியும் தவசி." ஜோயல் வைத்துவிட்டான்.

தவசி இதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பாண்டீஸ்வரி கேட்டாள், அதனால் சொன்னான். அன்று பிள்ளையின் முறை. ரித்திகாவைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. சுவரைப் பிடித்து நடந்து வந்து, தாழ்வாரப் பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்து, மறுபடி எழுந்து வந்தாள். போன முறை பாதிதான் ஏறியிருந்தது. ஆனாலும் பழைய முழு டோஸின் பலம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கால் நடுங்கியது. இடது கட்டிலில் படுத்தாள். வலது கட்டில் விரிப்பு மாற்றப்பட்டு வெறுமையாக இருந்தது.

"இனிமே இவளுக்கு முழுசா வரும்ல தம்பி?" பாண்டீஸ்வரி தரையைப் பார்த்துக் கேட்டாள். இப்படிக் கேட்பது எப்படிப்பட்டது என்று தெரிந்துதான் கேட்டாள்.

தவசி சொன்னான். முகம் காட்டுவது, பாதிக் குப்பி, எல்லாம்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு முழுக் குப்பிதான் வந்திருக்கு. ஆனா சர்வேஷுக்கு மூஞ்சி காட்டலேன்னா வலது குழாய் தெறக்காது. மிச்சத்தக் கழிவுல விட்டுரும். தெறந்தா அந்தக் குழாயையும் பாப்பாவுக்கே மாட்டிரலாம்."

"நான் காட்டினா?"

"ஒங்க மூஞ்சி ரித்திகாவுக்குப் பதிஞ்சிருக்குக்கா."

அவள் புரிந்துகொண்டாள். மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே தாழ்வாரத்தில் மாப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்க் கேப்பேன்" என்றாள். "அன்னைக்கு வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டா. ஒரு வார்த்த கேக்கல. செருப்பக் கழட்டி அடிச்சிருந்தாக்கூட இப்பப் போய்க் கேட்ருவேன்."

"ஒங்க வீட்டுக்காரரு அவங்க அண்ணன்தான. அவரு கேக்கட்டுமே."

"குழிக்குள்ள எறக்கின மனுசன் தம்பி. அவரு எப்படிக் கேப்பாரு?"

தவசி பொத்தானை அழுத்தாமல் நின்றான். இன்னும் கொஞ்சநேரம் தாமதிக்கலாம். அதற்கு மேல் பொடி கெட்டுவிடும். ரித்திகா கூரையைப் பார்த்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்ட முடிகிறதா என்று பார்க்கிறாளோ என்னவோ.

மாப்பு உரசும் சத்தம் நின்றது. ரேணுகா உள்ளே வந்தாள். மாப்பைச் சுவரில் சாத்தினாள். கையைச் சேலையில் துடைத்தாள். பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள். ரேணுகா அவளைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"எங்க நிக்கணும்? இங்கதான?"

"அக்கா, நீங்க இதைச் செய்யணும்னு..."

"பாப்பா நடந்து வந்தாளே, பாத்தேன். பெஞ்சுல உக்காந்து எந்திரிச்சு வந்தா. நீ அழுத்து."

தவசி அழுத்தினான். திரையில் அவள் முகம் வந்தது. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பெட்டி பேசியது. பெண் குரல், எல்லா ஊரிலும் அதே குரல்.

"சர்வேஷின் காப்பாளர். வணக்கம். சர்வேஷ் எப்படி இருக்கிறார்? நன்று, சுமார், மோசம்."

பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். புஷ்பம் சிஸ்டர் வாசல்வரை வந்து, பார்த்து, ஏதோ மறந்த மாதிரி திரும்பிப் போனார்.

"நன்று" என்றாள் ரேணுகா.

"சர்வேஷின் இன்றைய எடை?"

எடைக்குத் தக்கபடிதான் பொடி. எடை கூடினால் அடுத்த குப்பியில் பொடியும் கூட வரும். தவசி கடைசியாகப் போட்டிருந்த எண்ணையே திரும்பப் போடப் போனான். பதினாலு கிலோ. விரல் திரைக்குப் பக்கத்தில் இருந்தது.

ரேணுகா அவன் கையைப் பார்த்தாள்.

"பதினாலரை போடு தம்பி" என்றாள். "வளர்ற பிள்ள."

தவசி போட்டான். பெட்டி ஏற்றுக்கொண்டது.